வரிசையில் நின்ற கோரை

மண்ணுக்கும் தூக்கம் தேவை என்ற உண்மையை அரசாங்கம் ஒரு திங்கட்கிழமை காலை, அலுவல் நேரத்தில், கண்டுபிடித்தது.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை மண் ஒரு சோம்பேறி என்பதுதான் கொள்கை. ஆழமாக உழுது, அடிமண்ணை மேலே புரட்டிப் போட்டு, பிடித்து உலுக்கினால்தான் அது நாலு மணி கோதுமை தரும் என்றார்கள். ஆழ உழுதவர்களுக்கு மேடை போட்டுக் கோப்பை கொடுத்தார்கள். சாலை ஓரத்தில் "ஆழ உழு" என்று பெரிய பலகை நின்றது. வேளாண் துறையின் பழைய இயக்குநர் ஓய்வு பெற்றுப் போனார். புதிய இயக்குநர் அம்மா ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். திங்கட்கிழமை பலகையில் கடைசிச் சொல்லை மட்டும் அழித்து, பெயிண்டை வீணாக்காமல், "ஆழ உறங்கு" என்று மாற்றினார்கள். அந்த அறிவிப்புக்கு முதலில் கீழ்ப்படிந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். பலகைக்கு அடியிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

இதற்கென்று "மண் உறக்கப் பாதுகாப்புப் பிரிவு" ஒன்று உதயமானது. அதற்கு வந்த அதிகாரி புது ஆள் இல்லை. போன வருடம் வரப்பில் நின்றுகொண்டு "இன்னும் ஒரு சாண் இறக்குய்யா!" என்று கத்திய அதே ஆள்தான். இப்போது வயலுக்கு வந்தால் நுனிக்காலில் நடந்தார். பேச வேண்டியதைக் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார். "சத்தமா பேசாதீங்க. கீழ தூங்குது" என்று மண்ணைக் காட்டுவார். அதனால் எல்லாரும் அவருக்குத் தாலாட்டு அதிகாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தத் தாலாட்டு அதிகாரி தேர்ந்தெடுத்த மாதிரி வயல், கைக்குழந்தைக்காரியின் வீட்டு வயல்.

கைக்குழந்தைக்காரி என்றால் அந்த வீட்டு மருமகள். இடுப்பில் எப்போதும் குழந்தை இருந்ததால் அந்தப் பெயர். சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பதால் அரசாங்கம் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும் என்று வீட்டில் நம்பினார்கள். ஜீப் வந்து நின்றால் கணவன் டிராக்டருக்குப் பின்னால் போய்விடுவான். மாமனாருக்குத் திடீரென்று காது மந்தமாகிவிடும். அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். அவளோ பயத்தைத் தவிர வேறு எதையும் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவராதவள். குழந்தை அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். நல்ல தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறதா என்று சந்தேகம் வந்தால் லேசாக ஒரு குத்து. பிள்ளை வீரிட்டால்தான் அவளுக்கு நிம்மதி.

வயல் அரசாங்கக் குத்தகை. வீடும் அதே குத்தகையில் அடக்கம். புதிய விதியை அவள்தான் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாள். மண்ணை எவ்விதத்திலும் கிளறுதல், கீறுதல், புரட்டுதல், எழுப்புதல் கூடாது. மீறினால் குத்தகை ரத்து.

"ரத்துன்னா?" என்றார் மாமனார்.

"வீட்டையும் விட்டுப் போகணும் மாமா."

"எங்க போறதாம்?"

"அதை எழுதல."

அன்றைக்கே கலப்பைக்குத் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். ஆழ உழுததற்காக மாமனார் வாங்கிய கோப்பை இப்போது குற்றத்துக்குச் சாட்சி போல அலமாரியில் மின்னியது. அதை அவள் எடுத்து மாவு டப்பாவுக்குள் புதைத்தாள்.

உண்மையைச் சொல்வதென்றால், முதல் பருவத்தில் மண் நன்றாகத்தான் ஆனது. அறுத்த பயிரின் தாளை அப்படியே நிலத்தில் கிடத்திவிட்டு, விதைப்பெட்டியை வைத்து நேராக விதைத்தார்கள். மழை பெய்தபோது தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடாமல் உள்ளே இறங்கியது. தாளை விலக்கினால் கீழே ஈரம். மண்புழு நெளிந்தது. எறும்புகள் களை விதையைத் தூக்கிக்கொண்டு போவதை மாமனார் குந்தி உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க வேடிக்கை பார்த்தார். "நாப்பது வருஷமா உழுதேன், இதுங்க இங்கதான் இருந்துதுங்களா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கலப்பையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

ஆனால் கோரைப்புல்லுக்கு எறும்பு ஒரு பொருட்டே இல்லை. அதற்கு விதையும் பெரிதாக வேண்டாம், மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் போதும். வாய்க்கால் மூலையில் கொஞ்சமாக இருந்தது, கலப்பை பயம் விட்டதும் ஜமக்காளம் விரித்தாற்போல் பரவியது. அந்த மூலையில் கோதுமை, கோரைக்கு நடுவே முளைத்த களை போலக் கூச்சத்தோடு நின்றது.

"மூலையை மட்டும் ஒரே ஒரு தடவை கொத்தி, கிழங்கைப் பொறுக்கிட்டா போதும்" என்றான் கணவன். "மீதி நிலம் பாட்டுக்குத் தூங்கட்டும். நீ கேளு."

"நான் எப்படிங்க கேக்கறது?"

"நீதான் படிச்சவ."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு தாலாட்டு அதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், மண்ணு நல்லா ஆயிருக்கு. ஆனா களையும் நல்லா ஆயிருக்கு."

அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டையும் ஒரே வாயால சொல்லாதேம்மா. துறைக்கு ஒண்ணுதான் வேணும். அப்புறம், களைன்னு சொல்லக்கூடாது. அழையாத பசுமைன்னு சொல்லணும்."

"அந்த அழையாத பசுமையைப் பிடுங்கலாமா சார்?"

"பிடுங்கினா வேரோட மண்ணும் வரும். மண் அசையும்."

"மருந்து அடிக்கலாமா?"

"தூங்குறவங்க மூக்குல மருந்து அடிப்பியா நீ?" குழந்தையைக் காட்டிக் கேட்டார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப என்னதான் சார் பண்றது?"

அதிகாரி பையிலிருந்து விதியை எடுத்துப் புரட்டினார். "தரைக்கு மேல இருக்கறதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. கத்தரிக்கோல் பயன்படுத்தலாம். சத்தம் வராத கத்தரிக்கோல்."

அப்படியாக அந்தக் குடும்பம் கோதுமை வயலில் உட்கார்ந்து தையல் கத்தரிக்கோலால் கோரைக்கு முடி வெட்டியது. வெட்ட வெட்ட அது அடர்த்தியாக வளர்ந்தது. அடுத்த வயல் அக்கா வரப்பில் நின்று சிரித்தாள். "ஏண்டி, கோரைக்குக் கிராப்பு வெட்டியாச்சா? அப்படியே பவுடர் போட்டு விடு!"

இதற்கிடையே துறைக்கு ஒரு நியாயமான கவலை வந்தது. மண் தூங்குகிறது என்று எப்படி நிரூபிப்பது? பார்த்துத்தானே நிரூபிக்க வேண்டும்? பார்ப்பதற்கு வழி ஒன்றுதான். தோண்டினார்கள்.

முதலில் மண்புழுப் பிரிவு வந்து குழி தோண்டி, மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்துப் புழுக்களை எண்ணியது. அடுத்து ஈரப் பிரிவு வந்து வேறு குழி தோண்டியது. இறுக்கப் பிரிவு கம்பியை இறக்கிப் பார்த்தது. கம்பி போன இடம் சரிதானா என்று அங்கேயும் தோண்டியது. கடைசியாகக் குழிப் பிரிவு வந்தது. மற்றவர்கள் குழிகளை முறைப்படி மூடினார்களா என்று பார்க்க எல்லாக் குழிகளையும் மறுபடி திறந்தது.

அவளால் பொறுக்க முடியவில்லை. "சார், இவ்வளவு தோண்டினா மண்ணு முழிச்சுக்காதா?"

"நாங்க தோண்டினா அது உழவு இல்லம்மா. ஆய்வு" என்று கிசுகிசுத்தார் தாலாட்டு அதிகாரி. "மண்ணுக்கு வித்தியாசம் தெரியும்."

அவளுக்கு அந்த நிமிஷம் உச்சந்தலையில் ஏதோ சுள்ளென்றது. வாழ்க்கையில் முதல் முறையாக, பயத்தோடு பயமாக, ஒரு தந்திரமும் சேர்ந்து வந்தது.

"சார், நீங்க புழுவைத் தப்பான இடத்துல தேடறீங்க. வாய்க்கால் மூலையிலதான் சார் ஜாஸ்தி. கோரைக்கு... அழையாத பசுமைக்கு அடியில. நெளியுது சார், கொத்துக் கொத்தா!"

அவ்வளவுதான். நாலு பிரிவும் அந்த மூலைக்கு ஓடின. முதலில் தோண்டும் உரிமை யாருக்கு என்று கைகலப்பு வராத குறை. ஒரு வாரம் அந்த மூலையை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, கட்டி உடைத்து, மண்ணைச் சலித்துச் சலித்துப் போட்டார்கள். சல்லடையில் புழுவை விடக் கோரைக்கிழங்குதான் அதிகம் நின்றது. கறுப்பாக, மணிமணியாக.

"என்னய்யா இது?" என்று ஒருவர் கேட்டார்.

மாமனாருக்குச் சட்டென்று காது கேட்டது. "நல்லாத் தூங்குற மண்ணுல அப்படித்தான் சார் கட்டும்" என்றார் பயபக்தியோடு.

கிழங்குகளை ஒன்று விடாமல் சாக்கில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு ஏற்றிப் போனார்கள். மூலை துடைத்து வைத்தாற்போல் ஆனது. ஜீப் திரும்பியதும் கணவன் டிராக்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். மாமனார் மருமகளைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டுக்கு இப்படி ஒரு மூளை வந்திருக்கிறதே என்ற மரியாதை தெரிந்தது. அன்று அவள் குழந்தையின் மூக்கடியில் விரல் வைக்கக்கூட மறந்துபோனாள்.

அறுவடை முடிந்தது. அடுத்த விதைப்புக்கு முன்னால் இயக்குநர் அம்மா நேரில் வந்து மாதிரி வயலைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று நுனிக்காலில் வந்த தாலாட்டு அதிகாரி வாய்க்கால் மூலையில் அப்படியே நின்றுவிட்டார்.

"களை எங்கம்மா?" என்றார். பதற்றத்தில் அழையாத பசுமை என்று சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"இல்ல சார். சுத்தமாயிடுச்சு."

"சுத்தமாயிடுச்சா! உழாத நிலத்துல களை இருந்தே தீரும்னு எங்க கையேட்டுல போட்டிருக்கு. களை இல்லன்னா உழுதிருக்கீங்கன்னு அர்த்தம்!" கையிலிருந்த கம்பியை மண்ணில் ஊன்றினார். அது வெண்ணெயில் போவது போல இறங்கியது. "அய்யோ, மண்ணும் பொலபொலன்னு இருக்கே! வசமா உழுதிருக்கீங்க!"

"சார், நீங்கதானே தோண்டினீங்க! நீங்கதானே சாக்குல கட்டிட்டுப் போனீங்க!"

"நாங்க எடுத்தது மாதிரிகள்மா. களை இல்ல."

"அந்த மாதிரிதான் சார் இந்தக் களை!"

"துறை தோண்டினதுக்கு என்ன அடையாளம் இருக்கு? குழியெல்லாம் முறைப்படி மூடியாச்சு. நிரூபிக்கணும்னா மறுபடி தோண்டணும்." அவர் காதோரம் குனிந்தார். "இங்க பாரும்மா. நாளைக்கு இயக்குநர் அம்மா வரும்போது இந்த மூலையில களை இருக்கணும். இல்லன்னா உங்க குத்தகை போகும். என் பிரிவும் போகும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவர் போனபின் எல்லாரும் வீட்டுக்குள் வந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், தூளி தொங்கும் விட்டத்தைப் பார்த்தாள். விட்டம் குத்தகையில் சேர்த்தியா, கழற்றிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு மாவு டப்பாவைத் திறந்து கோப்பையை எடுத்துத் துடைத்தாள்.

"அக்கா வயல்ல கோரை இருக்கில்ல?" என்றாள்.

அடுத்த வயலிலும் இப்போது உழவில்லை, அதனால் கோரைக்குப் பஞ்சமும் இல்லை. அக்காவுக்கு முதலில் காதில் விழுந்ததை நம்பவே முடியவில்லை.

"கோரை வேணுமா? களையையா கடன் கேக்கற? பிள்ளை பெத்ததுல உனக்குப் புத்தி கித்தி..."

"அக்கா, கெஞ்சிக் கேக்கறேன். வீடு போயிடும்கா."

அக்கா சிரிப்பதை நிறுத்தினாள். "எடுத்துட்டுப் போ. எவ்வளவு வேணுமோ எடு. திருப்பித் தராதே, அது போதும்."

பட்டப்பகலில்தான் வேலை நடந்தது. ஒளிந்து செய்தால்தான் சந்தேகம் வரும் என்றான் கணவன். அவன் கோரையைக் கிழங்கோடு பெயர்த்து அந்தக் கோப்பையிலேயே கோப்பை கோப்பையாகக் கொண்டுவந்து கொட்டினான். அவள் தண்ணீர் ஊற்றினாள். நடும் பொறுப்பை மாமனார் ஏற்றுக்கொண்டார். "நடவுன்னா அது என் கையிலதான் நிக்கும்" என்றார். பொழுது சாயும் நேரத்தில் குழந்தை பசித்து அழுததால் அவள் வீட்டுக்குப் போனாள், பாலூட்டியபடியே அசந்து தூங்கியும்போனாள். மறுநாள் காலை ஜீப் சத்தம் கேட்டு ஓடி வந்தபோதுதான் அந்தக் கோலத்தைப் பார்த்தாள்.

மாமனார் கயிறு பிடித்து நட்டிருந்தார்.

வாழ்க்கையில் எதையும் கோணலாக நட்டறியாத மனிதர். வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது. செடிக்குச் செடி ஒரே இடைவெளி. பள்ளிக்கூட அசெம்பிளியில் பிள்ளைகளை நிறுத்தியது போல, கோரை அணிவகுத்து, நிமிர்ந்து, விறைப்பாக நின்றது. மாமனார் பக்கத்தில் அதே விறைப்போடு நின்றிருந்தார்.

"மாமா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஏம்மா, எங்கயாவது வளைஞ்சிருக்கா?" என்று கவலையோடு குனிந்து பார்த்தார் அவர்.

அதற்குள் இயக்குநர் அம்மா வந்துவிட்டார். வெள்ளை ஷூ, கறுப்புக் கண்ணாடி, பின்னால் நாலு பிரிவும். மூலைக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து பார்த்தார். அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தார். தலையைச் சாய்த்து மூலைவிட்டமாகவும் பார்த்தார். எங்கிருந்து பார்த்தாலும் நேராகவே இருந்தது.

"இது எப்படி இவ்வளவு வரிசையா இருக்கு?" என்றார்.

மாமனாரின் நெஞ்சு மெல்ல நிமிர்ந்தது. நாற்பது வருடத்தில் அவருடைய வரிசையைப் பாராட்டி யார் கேட்டாலும் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல வாய் திறந்தார். "நான்தா..."

அவள் குழந்தையின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். குழந்தை வயல் அதிரக் கத்தியது.

"அடடா, பாப்பா தூக்கம் கெட்டுப்போச்சா?" என்று இயக்குநர் அம்மா திரும்பினார். அந்த இடைவெளியில் தாலாட்டு அதிகாரி பாய்ந்து முன்னால் வந்தார். அவர் வாழ்நாளிலேயே மிகத் துணிச்சலான கிசுகிசுப்பு அது.

"மேடம், ஆழ்ந்த உறக்கத்தின் பலன் இதுதான் மேடம். மண் அமைதியானா களைக்கும் மனசு அமைதியாகுது. தானா ஒழுங்குக்கு வந்துடுது."

இயக்குநர் அம்மா நெடுநேரம் கோரையைப் பார்த்தார். அவள் குழந்தையின் தொடையைத் தடவித் தடவி, போகும் வீட்டில் விட்டம் இருக்குமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான்," என்றார் இயக்குநர் அம்மா, குரல் தழுதழுக்க, "அந்த மாநாட்டுல ஒருத்தர்கூடச் சொல்லல."

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. மாதிரி வயல் குடும்பத்துக்குக் குத்தகை நீட்டிக்கப்பட்டது. வாய்க்கால் மூலை "ஒழுக்கப் பசுமைப் பாதுகாப்புப் பரப்பு" ஆனது. மற்ற எல்லா வயல்களிலும் அழையாத பசுமை, அடுத்த பருவத்துக்குள், வரிசைக்கு வந்தாக வேண்டும். வராத நிலத்தில் மண் சரியாகத் தூங்கவில்லை என்று கொள்ளப்படும். குத்தகை மறுபரிசீலனை செய்யப்படும். மேற்பார்வைக்குத் தாலாட்டு அதிகாரியைப் பதவி உயர்த்தினார்கள். இப்போது அவர் கூடவே ஒரு கயிறும் வருகிறது.

ஊரில் உள்ள கடைகளில் கயிறு தீர்ந்துபோனது. நிலம் வைத்திருந்த சம்சாரிகள் கோதுமையை விட்டுவிட்டுக் கோரையைப் பெயர்த்துப் பெயர்த்து நட்டார்கள். நிலத்தை யாரும் உழவில்லை. ஆனால் கிளறாத அங்குலம் என்று எங்கும் மிச்சமில்லை. கிள்ளி நட்ட ஒவ்வொரு கிழங்கும் ஒன்பதாகப் பெருகியது. மாமனாரிடம் வரிசை பிடிக்கக் கற்றுக்கொள்ள வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவருக்கு இன்னொரு கோப்பையும் கொடுத்தார்கள். அக்கா மட்டும் வரப்பில் நின்று, இடுப்பில் கயிற்றோடு, "இரவல் கொடுத்த என்னைச் சொல்லணும்டி, என்னை!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கைக்குழந்தைக்காரி இப்போது தினமும் காலையில் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு வாய்க்கால் மூலைக்குப் போகிறாள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. வரிசை கலைந்தால் குத்தகை, குத்தகை கலைந்தால் வீடு. கண் வலிக்க வலிக்க ஒவ்வொரு கோரையாகப் பார்த்துக்கொண்டே போவாள்.

ஒருநாள் இரண்டு வரிசைக்கு நடுவே ஏதோ ஒன்று தன்னிஷ்டத்துக்கு முளைத்திருந்தது. இளம்பச்சையாக, கோணலாக, யாரும் அழைக்காமல். ஜீப் வருகிறதா என்று சாலையைப் பார்த்தாள். சட்டென்று குனிந்து வேரோடு பிடுங்கினாள்.

கையில் இருந்தது கோதுமை. போன அறுவடையில் சிந்திய மணி எப்படியோ முளைத்திருக்கிறது.

ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். வேரில் ஈர மண் கருகருவென்று ஒட்டியிருந்தது, அதில் ஒரு புழு நெளிந்தது. நல்ல மண். புழுவை மட்டும் உதறிவிட்டு, கோதுமையை வாய்க்காலில் வீசினாள். பிடுங்கிய இடத்தை உள்ளங்கையால் மெல்லத் தட்டி மூடினாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றாள் மண்ணிடம், காதோரம் கிசுகிசுப்பது போல. "நீ தூங்கு."